ஆங்கில வாக்கியத்தில் சொல் இடறும்போது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியம் எங்கோ இடறுகிறது என்று தெரிந்தவுடன், அதிலுள்ள சொல்லைத் தூக்கிவிட்டு அகராதியில் அடுத்ததாகக் கிடைக்கும் சொல்லை வைப்பது பலருக்கும் பழக்கம். அந்த மாற்றம் பெரும்பாலும் பலன் தருவதில்லை. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றவர்களின் வாக்கியங்களில் சொல்லின் பொருள் அநேகமாகச் சரியாகவே இருக்கும். அந்தச் சொல் தன் அருகில் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதில்தான் கோளாறு இருக்கும். ஆகவே சொல்லை மாற்றுவதற்கு முன், வாக்கியம் காட்டும் அறிகுறி எது என்று பார்த்து, அதற்குரிய இடத்தை மட்டும் சோதிப்பதே முறை.

இதற்கு ஒரு கருவி தேவை. ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைச் சொல்லும். ஆனால் சொல் எந்தச் சட்டகத்தில் உட்காரும், அதாவது அதன் முன்னும் பின்னும் எவை வரும் என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே உருவானவை கற்போர் அகராதிகள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் மாணவர்கள் சொற்களின் பொருளை அறிந்திருந்தும் வாக்கியத்தில் தவறுவதைக் கண்டு, வினைச்சொற்கள் ஏற்கும் அமைப்புகளை வகைப்படுத்தி, இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் அங்கேயே வெளியானது. 1948இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலம்–ஆங்கிலம் கற்போர் அகராதிகள் எல்லாம் அந்த மரபில் வந்தவையே. கீழே 'அகராதியைப் பார்க்கவும்' என்று சொல்லும் இடங்களில் எல்லாம் அவ்வகை அகராதியையே குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: திருத்துபவர் ஒரு சின்னச் சொல்லை மட்டும் அடிக்கிறார், அல்லது சேர்க்கிறார்

மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுதான். 'வீ டிஸ்கஸ்டு அபௌட் தி ப்ராப்ளம்' என்று எழுதினால் 'அபௌட்' அடிபடும். 'ஹி எம்ஃபசைஸ்டு ஆன் பங்க்சுவாலிட்டி' என்றால் 'ஆன்' அடிபடும். 'ஐ ரிக்வெஸ்டட் ஃபார் எ சேஞ்ச்' என்றால் 'ஃபார்' அடிபடும். சிக்கலைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் சொல்வதால் 'பற்றி'க்கு ஈடாக 'அபௌட்' வந்துவிடுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் அதைவிட வலுவான காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 'எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ராப்ளம்' என்பது சரி. 'அன் எம்ஃபசிஸ் ஆன் பங்க்சுவாலிட்டி' என்பதும் சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ சேஞ்ச்', 'அன் ஆன்சர் டு தி க்வெஸ்டின்', 'அன் அட்டாக் ஆன் தி டவுன்' ஆகிய எல்லாமே சரி. அதாவது, அதே சொல் பெயராக நிற்கும்போது 'அபௌட்', 'ஆன்', 'ஃபார்', 'டு' போன்ற முன்னிடைச்சொல்லை ஏற்கிறது. வினையாக நிற்கும்போது தனக்குரிய செயப்படுபொருளை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. பெயர்ச்சொல்லோடு பார்த்துப் பழகிய முன்னிடைச்சொல்லை வினைச்சொல்லுக்கும் எடுத்துச்செல்வதே இங்கு நடக்கும் பிழை.

ஆகவே முதற்சோதனை எளிது: அந்தச் சொல் இந்த வாக்கியத்தில் பெயரா, வினையா? 'ஆன்சர்', 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்', 'அப்ரோச்', 'அட்டாக்' போல இரண்டு வடிவிலும் ஒரே தோற்றமுள்ள சொற்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதவே கூடாது.

எல்லா வினைகளும் இப்படியே நடக்கும் என்று நினைத்துவிடவும் முடியாது. 'ஆன்சர் தி லெட்டர்' என்பதில் முன்னிடைச்சொல் இல்லை. அதே பொருளுள்ள 'ரிப்ளை'யோ 'டு' இல்லாமல் நகராது. 'ரீச் தி ஸ்டேஷன்' என்று நேராகச் சொல்லலாம். 'அரைவ்' என்றால் 'அட்' தேவை. 'லிசன்' பெரும்பாலும் 'டு' கேட்கும், 'வெயிட்' பெரும்பாலும் 'ஃபார்' கேட்கும்; ஆனால் 'அவெய்ட்' எதையும் கேட்காது. 'என்டர் தி ரூம்' என்பது அறைக்குள் நுழைவது. 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்பது ஒப்பந்தம் செய்துகொள்வது, அங்கே 'இன்டு' தேவை. பொருள் ஒன்றாக இருப்பதால் சட்டகமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

யாரிடம், யாருக்கு என்ற உறவில் வரும் பிழை தனி வகை. அவரிடம் கேட்டேன் என்பதை 'ஐ ஆஸ்க்டு டு ஹிம்' என்று எழுதுவோர் உண்டு. 'இடம்' என்ற உருபுக்கு ஈடு தேடியதன் விளைவு அது. 'ஆஸ்க்', 'டெல்' இரண்டும் ஆளை நேராக ஏற்கும். 'சே' மட்டும் 'டு' கேட்கும். இதற்கு நேர்மாறான பிழை 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ தி மெத்தட்' என்பது. 'கிவ் மீ', 'ஷோ மீ', 'டெல் மீ' என்று பழகிய கை அப்படியே 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்றும் எழுதிவிடுகிறது. 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜெஸ்ட்' ஆகியவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு விளக்கப்படும் பொருள் முதலில் வர வேண்டும், ஆள் 'டு' என்பதோடு பின்னால் வர வேண்டும். அகராதியில் 'எக்ஸ்ப்ளெயின்' என்ற பதிவைத் திறந்தால் 'எக்ஸ்ப்ளெயின் சம்திங் டு சம்படி' என்ற அமைப்பு தடித்த எழுத்திலோ சுருக்க வடிவிலோ கொடுக்கப்பட்டிருக்கும். பலர் அதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டிய வரி அதுதான்.

வினைக்குப் பின் இன்னொரு வினை வரும்போதும் இதே கதை. 'ஐ என்ஜாய் டு ரீட்' என்பது தவறு, 'ஐ என்ஜாய் ரீடிங்' என்பது சரி. 'அவாய்ட்', 'ஃபினிஷ்', 'சஜெஸ்ட்' ஆகியவை 'இங்' வடிவத்தையும், 'டிசைட்', 'ஹோப்', 'ரெஃப்யூஸ்' ஆகியவை 'டு' வடிவத்தையும் ஏற்கும். இதற்குப் பொது விதி தேடுவதில் நேரம் செலவழிப்பதைவிட, வினையைக் குறித்துவைக்கும்போதே அதன் பின் வருவதையும் சேர்த்துக் குறித்துவைப்பது மேல். 'லுக் ஃபார்வர்டு டு' என்பதற்குப் பின் 'மீட்டிங் யூ' என்றுதான் வரும், 'மீட் யூ' என்று வராது. அங்குள்ள 'டு' முன்னிடைச்சொல் என்பதே காரணம். 'ஸ்டாப்' என்ற வினையில் இரண்டுமே சரி, ஆனால் பொருள் வேறு: 'ஹி ஸ்டாப்டு டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார், 'ஹி ஸ்டாப்டு டு டாக்' என்றால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பேசினார்.

அறிகுறி: பன்மை போட்ட இடத்தில் சிவப்புக் கோடு விழுகிறது

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'லக்கேஜஸ்', 'ஹோம்வொர்க்ஸ்' ஆகியவை ஒரே குடும்பத்துப் பிழைகள். தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று தமிழில் தயங்காமல் பன்மை சொல்கிறோம். ஆங்கிலமோ இவற்றை எண்ண முடியாத பெயர்களாக வைத்திருக்கிறது. பன்மை விகுதி கூடாது என்பதோடு, 'அன்' என்ற சுட்டும் முன்னால் வரக் கூடாது, 'மெனி' வரக் கூடாது, பின்வரும் வினையும் ஒருமையிலேயே நிற்க வேண்டும். விகுதியை மட்டும் நீக்கிவிட்டு 'மெனி இன்ஃபர்மேஷன் ஆர்' என்று விட்டுவிடுவது அரைகுறைத் திருத்தம். எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்பது போல ஓர் அளவுச் சொல்லை முன்னால் வைக்கலாம்.

அகராதியில் பெயர்ச்சொல்லின் பக்கத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் எண்ணத்தக்கது, 'யு' இருந்தால் எண்ண முடியாதது. இரண்டும் சேர்ந்து இருந்தால் பொருளுக்குப் பொருள் மாறும்: 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பது அனுபவ அறிவு என்ற பொருளில் பன்மை ஏற்காது, நேர்ந்த நிகழ்வு என்ற பொருளில் ஏற்கும். 'நியூஸ்' என்பது பார்க்கப் பன்மை போலிருந்தும் ஒருமை. 'போலீஸ்' என்பது பார்க்க ஒருமை போலிருந்தும் பன்மை. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுவோர் இங்கேயே நின்று, 'ஒன் ஆஃப்' என்பதற்குப் பின் எண்ணத்தக்க பெயர் வந்தால் அது பன்மையில்தான் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: இலக்கணத்தில் தவறு இல்லை, ஆனாலும் 'இப்படிச் சொல்வதில்லை' என்கிறார்கள்

கற்பவரை மிகவும் சலிப்படையச் செய்யும் திருத்தம் இது. ஏனெனில் திருத்துபவராலும் காரணம் சொல்ல முடிவதில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. ஒரு சொல்லை அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்தே அறிய வேண்டும் என்று பிரிட்டன் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதினார். தமிழிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பலத்த மழை என்கிறோம், கடும் காய்ச்சல் என்கிறோம், ஆழ்ந்த உறக்கம் என்கிறோம். கடும் உறக்கம் என்றோ ஆழ்ந்த காய்ச்சல் என்றோ ஒருவர் சொன்னால் பொருள் புரியும், காது ஏற்காது. ஆங்கிலத்திலும் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', காய்ச்சல் 'ஹை', உறக்கம் 'டீப்', நோய் 'சீரியஸ்'. பலத்த என்ற ஒரே சொல்லை மழைக்கும் காற்றுக்கும் நாம் பயன்படுத்துவதால் 'ஸ்ட்ராங் ரெயின்' என்ற சேர்க்கை பிறக்கிறது.

வினைகளில் இதன் தொல்லை அதிகம். தமிழில் 'செய்' என்ற ஒரே வினை முடிவையும் முயற்சியையும் ஆராய்ச்சியையும் தவற்றையும் தாங்கும். ஆங்கிலத்தில் முடிவு, முயற்சி, தவறு, முன்னேற்றம் ஆகியவை 'மேக்' என்ற வினையோடும், ஆராய்ச்சி, வணிகம், வீட்டுப்பாடம், சேதம் ஆகியவை 'டூ' என்ற வினையோடும் செல்லும். தேர்வை எழுதுகிறோம் என்பதால் 'ரைட் அன் எக்ஸாம்' என்று தமிழர் சொல்வர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'டேக் அன் எக்ஸாம்' என்பதே வழக்கு. விளக்கைப் போடு, குழாயைத் திற என்பவற்றை 'புட் தி லைட்', 'ஓபன் தி டேப்' என்று நேரே கொண்டுசெல்வதற்குப் பதில், இரண்டுக்கும் 'டர்ன் ஆன்' என்று ஒரே சேர்க்கையை வைத்துக்கொண்டால் போதும்.

இந்த அறிகுறிக்குச் சோதனை செய்யும் முறை சற்று வேறு. இங்கே வினையைத் தேடிப் பயனில்லை. பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். 'டிசிஷன்' என்ற பதிவைத் திறந்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அதற்கு முன் எந்த வினை வருகிறது என்று பார்த்தால் 'மேக்' கண்ணில் படும். அகராதியில் கிடைக்காவிட்டால், பலரும் எழுதியதையும் பேசியதையும் திரட்டித் தேடும்படி வைத்திருக்கும் சொல்லடைவுத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. பிரிட்டன் ஆங்கிலத்துக்கென 1994இல் தொகுத்து முடிக்கப்பட்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் சுமார் 10 கோடிச் சொற்களைக் கொண்டது. 1990 முதலான அமெரிக்க ஆங்கிலத்துக்கான தரவுத்தளத்தில் 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஐயத்துக்குரிய சேர்க்கையை அங்கே தேடிப் பார்த்து, 'ஹெவி ரெயின்' எத்தனை முறை, 'ஸ்ட்ராங் ரெயின்' எத்தனை முறை என்று ஒப்பிட்டால் விவாதத்துக்கே இடமிருக்காது. சாதாரணத் தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடும் வழியும் உண்டு. ஆனால் அங்கே நம்மைப் போன்ற கற்போர் எழுதியவையும் கலந்து வரும் என்பதால், கிடைக்கும் எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது.

அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் படித்தவர் வேறொன்றைப் புரிந்துகொண்டார்

மேற்சொன்ன பிழைகளில் காதுக்குத்தான் உறுத்தல். இதில் வேலையே கெட்டுவிடும். மென்பொருளும் இதைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனெனில் வாக்கியத்தின் இலக்கணம் குறையில்லாமல் இருக்கும்.

முதலில் நிற்பது 'யூஸ்டு டு'. தினமும் காலையில் நடப்பது வழக்கம் என்பதைச் சொல்ல 'ஐ யூஸ்டு டு வாக் எவ்ரி மார்னிங்' என்று எழுதுகிறோம். படிப்பவர், முன்பு நடந்தார், இப்போது நடப்பதில்லை என்று புரிந்துகொள்வார். இன்றும் தொடரும் வழக்கத்துக்கு 'ஐ வாக் எவ்ரி மார்னிங்' என்ற சாதாரண நிகழ்காலமே போதும். அழுத்தம் வேண்டுமென்றால் 'யூஷுவலி' சேர்க்கலாம். 'ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்' என்றால் நடந்து பழகிவிட்டேன் என்று மூன்றாவதாக ஒரு பொருள் வரும்.

அடுத்து 'அன்டில்', 'பை' இரண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்பதும் வெள்ளிக்கிழமை வரை இருக்கவும் என்பதும் தமிழில் தெளிவாகவே வேறுபடுகின்றன. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டும் 'அன்டில்' ஆகிவிடுகின்றன. 'உள்' என்று தமிழில் வருமானால் 'பை', 'வரை' என்று வருமானால் 'அன்டில்' என்று கொண்டால் பெரும்பாலும் தவறாது.

'ஃப்யூ', 'எ ஃப்யூ' இரண்டுக்கும் இடையே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. முன்னது அநேகமாக இல்லை என்ற குறையைச் சொல்கிறது, பின்னது சில இருக்கின்றன என்கிறது. 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்று நன்றியறிவிப்பில் எழுதினால் வந்தவர்கள் மனம் வருந்தக்கூடும். 'ஹார்டு' என்பதற்கு 'எல்ஒய்' சேர்த்து வினையடை ஆக்கினோம் என்று நினைத்து 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதினால், அவர் வேலையே செய்வதில்லை என்று சான்றளித்ததாகும். 'ஹார்டு' என்பதே வினையடையாகவும் நிற்கும். 'லேட்', 'லேட்லி' இரண்டும் இப்படியே: பின்னதற்கு அண்மைக்காலமாக என்று பொருள்.

'ஐ ஆம் போரிங்' என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று பொருள்படாது. நான் பிறரைச் சலிப்பூட்டுபவன் என்று பொருள்படும். உணர்வை உண்டாக்குவதற்கு 'இங்', உணர்வை அடைபவருக்கு 'போர்டு' என்பதில் உள்ளது போல 'இ-டி' என்று 'இன்ட்ரஸ்டிங்', 'கன்ஃப்யூசிங்', 'டயரிங்' முதலிய எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் குழப்புவோர், பொருள் யார் கையிலிருந்து போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: எழுவாய் கொடுத்தால் 'லெண்ட்', எழுவாய் வாங்கினால் 'பாரோ'.

எதிர்மறைக் கேள்விக்கான விடை பேச்சில் மட்டுமே வரும் சிக்கல் என்றாலும் விடத் தக்கதன்று. 'உங்களுக்குத் தெரியாதா?' என்று கேட்டால் 'ஆமாம், தெரியாது' என்கிறோம். கேட்டவர் சொன்னதை ஏற்கிறோம் என்பதே அந்த 'ஆமாம்'. ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' என்பவை கேள்வியைப் பார்ப்பதில்லை, விடையை மட்டுமே பார்க்கின்றன. தெரியாது என்றால் 'நோ, ஐ டோன்ட்'. வெறும் 'யெஸ்' என்று நிறுத்தினால் கேட்டவர் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 'யெஸ்' என்பதோடு 'ஐ டூ' என்றோ, 'நோ' என்பதோடு 'ஐ டோன்ட்' என்றோ சேர்த்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

தெற்காசிய ஆங்கிலத்தில் பெரிதும் வழங்கும் பொருள்களும் இந்த அறிகுறியைக் காட்டும். 'டவுட்' என்றால் நமக்குக் கேள்வி. வெளியே அது நம்பிக்கையின்மை. 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதினால், அறிக்கையின் நம்பகத்தையே ஐயுறுவதாக எழுதியவர் மீது மனத்தாங்கல் வரக்கூடும். 'பாஸ் அவுட்' என்பது நமக்குப் படித்து முடிப்பது. மற்ற இடங்களில் பொதுவாக மயங்கி விழுவது, இராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 'ரிவர்ட்' என்பதற்கு முன்னைய நிலைக்குத் திரும்புதல் என்பதே பொதுப்பொருள். பதிலளிப்பதற்கு 'ரிப்ளை' இருக்கிறது. குறித்த நாளை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் 'ப்ரிப்போன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்ட சொல், அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். படிப்பவர் இப்பகுதியைச் சாராதவர் என்றால் மட்டும் 'பிரிங் ஃபார்வர்டு' என்று எழுதலாம்.

அறிகுறி: 'இங்' தேவையில்லாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'திஸ் புக் இஸ் பிலாங்கிங் டு மீ' ஆகியவை ஒரே பிழை. செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாகத் தொடர்வடிவத்தை ஏற்பதில்லை: அறிதல், நம்புதல், உடைமை, விருப்பம், தேவை, அடங்கியிருத்தல் ஆகியவை. வைத்திருக்கிறேன், தெரிந்திருக்கிறது என்று தமிழ் 'இரு' என்ற துணைவினையைச் சேர்ப்பதால் ஆங்கிலத்தில் 'ஆம்' வந்துவிடுகிறது. ஐயம் வந்தால், அந்தச் செயலை ஒருவர் பாதியில் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். உண்பதைப் பாதியில் நிறுத்தலாம், ஆகவே 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. இரண்டு உடன்பிறந்தார் இருப்பதைப் பாதியில் நிறுத்த முடியாது.

அறிகுறி: பிழைதிருத்தி மௌனம், படிப்பவர் முகம் சுளிக்கிறார்

எழுத்துக்கூட்டலில் சரியான ஒரு சொல்லுக்குப் பதிலாகச் சரியான இன்னொரு சொல் வந்து உட்கார்ந்திருக்கும். இத்தகைய இணைகள் பலவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்; சிக்கலின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 'எஸ்', 'இசட்' ஒலிகளைத் தமிழ் எழுத்து பிரிப்பதில்லை என்பதால், அவற்றைப் பிரித்துக் கேட்கும் பழக்கமும் பலருக்கு அமைவதில்லை. இழப்பதைக் குறிக்கும் 'லூஸ்' ஒற்றை 'ஓ' உடையது, 'இசட்' ஒலியில் முடிவது. தளர்வைக் குறிக்கும் 'லூஸ்' இரட்டை 'ஓ' உடையது, 'எஸ்' ஒலியில் முடிவது. அறிவுரை என்ற பெயருக்கு 'சி', அறிவுரை கூறு என்ற வினைக்கு 'எஸ்'. ஒலியும் அப்படியே மாறும். 'ப்ராக்டிஸ்' என்ற சொல்லுக்கும் பிரிட்டன் வழக்கில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்' என்ற பிரிவு உண்டு, ஆனால் ஒலி மாறாது. அமெரிக்கர் இரண்டுக்கும் 'சி' எழுதுவர்.

'இட்ஸ்' என்பதில் மேற்குறி வேண்டுமா என்ற ஐயம் வந்தால், 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படிக்க வேண்டும். விரித்தும் பொருள் நின்றால் குறி வேண்டும், இல்லையேல் வேண்டாம். 'அஃபெக்ட்' பெரும்பாலும் வினை, 'எஃபெக்ட்' பெரும்பாலும் பெயர்.

அறிகுறி: தொனி ஒட்டவில்லை

இணைச்சொல் அகராதியைத் திறந்து கனமான சொல்லாகப் பார்த்து எடுக்கும் பழக்கத்தின் விளைவு இது. 'ஃபேமஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'நொட்டோரியஸ்' இருக்கிறது என்று எடுத்தால் புகழ் இகழாகிவிடும். 'ஸ்லிம்' பாராட்டு, 'ஸ்கின்னி' குறை. 'சைல்ட்லைக்' கள்ளமின்மை, 'சைல்டிஷ்' முதிர்ச்சியின்மை. இத்தகைய சொற்களுக்கு அகராதியில் ஏற்பு, மறுப்பு, பேச்சுவழக்கு, முறைசார்ந்தது என்ற குறிப்புகள் பொருளுக்கு முன்னால் இருக்கும். குறிப்பு எதுவும் இல்லாத எளிய சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. 'பை' என்ற வினை இருக்கும்போது 'பர்ச்சேஸ்' தேவைப்படும் இடங்கள் குறைவு.

பல கோளாறுகள் ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருந்தால்

அப்போது திருத்தும் வரிசை முக்கியமாகிறது. அலுவலக மின்னஞ்சலில் வரக்கூடிய இந்த வாக்கியங்களைப் பாருங்கள்: 'ஐ ஆம் ஹேவிங் ஃப்யூ டவுட்ஸ் இன் தி இன்ஃபர்மேஷன்ஸ் யூ சென்ட். கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் மீ தி ப்ராசஸ் அன்டில் ஃப்ரைடே, ஸோ தட் வீ கேன் டிஸ்கஸ் அபௌட் இட்.'

முதலில் 'இன்' என்பதைத் திருத்தப் போனால் வேலை வீணாகும், ஏனெனில் அது 'டவுட்ஸ்' என்ற சொல்லைச் சார்ந்து நிற்கிறது, அந்தச் சொல்லோ போகப்போகிறது. ஆகவே கனமான சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். 'டவுட்ஸ்' என்பது 'க்வெஸ்டின்ஸ்' ஆகட்டும். 'ஆம் ஹேவிங்' நிலையைக் குறிப்பதால் 'ஹேவ்' ஆகட்டும். 'இன்ஃபர்மேஷன்ஸ்' தன் விகுதியை இழக்கட்டும். இப்போது முன்னிடைச்சொற்களுக்கு வரலாம்: 'க்வெஸ்டின்ஸ்' என்ற பெயர் 'அபௌட்' கேட்கிறது, ஆகவே 'இன்' போய் 'அபௌட்' வருகிறது, 'டிஸ்கஸ்' வினையாக நிற்பதால் அங்குள்ள 'அபௌட்' போகிறது, 'எக்ஸ்ப்ளெயின்' தன் பொருளை முன்னும் ஆளைப் பின்னும் வைக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் என்பதால் 'பை'. 'ஃப்யூ' என்பதற்கு முன் 'எ' சேர வேண்டும். கடைசியாகத் தொனி: 'கைண்ட்லி' தவறன்று, ஆனால் இன்று கட்டளை போல ஒலிக்கிறது, 'குட் யூ' என்று கேள்வியாக்கினால் மென்மையாகும். கிடைப்பது இது: 'ஐ ஹேவ் எ ஃப்யூ க்வெஸ்டின்ஸ் அபௌட் தி இன்ஃபர்மேஷன் யூ சென்ட். குட் யூ எக்ஸ்ப்ளெயின் தி ப்ராசஸ் டு மீ பை ஃப்ரைடே, ஸோ தட் வீ கேன் டிஸ்கஸ் இட்?'

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் மென்பொருள் கோடு போடுகிறது

இங்கே திருத்த வேண்டியது பெரும்பாலும் வாக்கியம் அன்று, அமைப்பு. ஆவணத்தின் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று அமைந்திருக்க, எழுதுபவர் பிரிட்டன் வழக்கில் எழுதினால் 'கலர்' என்ற சொல்லின் 'யு' எழுத்துக்கே கோடு விழும். 'ஆர்கனைஸ்' போன்ற சொற்களில் 'இசட்' எழுதுவது அமெரிக்க வழக்கு என்று பலர் கருதினாலும், ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகமும் அப்படியே எழுதுகிறது. 'டிஃபரென்ட்' என்பதற்குப் பின் பிரிட்டனில் 'டு' வருவதும் அமெரிக்காவில் 'தேன்' வருவதும் உண்டு; 'ஃப்ரம்' இரண்டு இடத்திலும் ஏற்கப்படும் என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். 'ஸ்டாஃப் ஆர்' என்பது பிரிட்டனில் இயல்பு, அமெரிக்காவில் 'ஸ்டாஃப் இஸ்'. எழுதத் தொடங்குவதற்கு முன் யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்த்து மொழி அமைப்பை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகும் கோடு விழுந்தால் அகராதியில் அந்தச் சொல்லின் சட்டகத்தைச் சரிபார்த்து, அது வாக்கியத்தோடு பொருந்துமானால் கோட்டைப் புறக்கணித்துவிடலாம்.